சரிபார்த்தவர்

இன்று காலை, மூன்று நாள் யோசனைக்குப் பிறகு, என் மூக்குக்கண்ணாடிக் கூட்டை மாற்றுவதென்று முடிவு செய்தேன். வீட்டில் யாரையும் கலக்கவில்லை. பழைய கூட்டின் உள்துணியைப் பிரித்ததும் ஒரு காகித மூலை விழுந்தது. அதில் ஊதாப் பென்சிலில் என் ஒப்பம். கதவைத் தாழிட்ட பிறகுதான் குனிந்து எடுத்தேன்.

நீ இறந்துவிட்டதாகப் போன மாதம் உன் மகன் எழுதியிருந்தான். இனி இதை அறிந்தவன் நான் ஒருவன்தான். அப்படியும் ஜன்னலையும் சாத்தினேன்.

நம் இளவயதில், மலாயாவின் கிள்ளானில் ஒரு ஜெர்மன் வியாபாரி தன் மொழி தெரிந்த குமாஸ்தாவைத் தேடுகிறார் என்று கேள்விப்பட்டோம். பிரிக்பீல்ட்ஸ் ரயில் அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசைக்காரர்களான நாம், பழைய இலக்கணப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு அந்த மொழியோடு மல்லுக்கட்டினோம். நடந்து முடிந்ததைச் சொல்ல அதில் இரண்டு துணைவினைகள். தின்றது, வாங்கியதெல்லாம் ‘ஹாபென்’ பக்கம். போனது, வந்தது, ஏறியது, செத்தது ‘ஸைன்’ பக்கம். அசையாமல் தங்கியதும் ஸைன் பக்கமே என்றபோது நான் சண்டைக்கு வந்தேன்.

“அவங்க வழக்கம்பா அது. நீ போய்த் திருத்தப் போறியா?” என்றாய்.

ஸைன் பக்கத்து வினைகளைத் தமிழ் அர்த்தத்தோடு நீ பட்டியல் எழுதினாய். நம் அலுவலகத்தில் எந்தப் பட்டியலுக்கும் இரண்டு ஒப்பம் வேண்டும். கைப்பழக்கத்தில் ‘எழுதியவர்’ என்று நீ இட்டாய். கீழ்மூலையில் ‘சரிபார்த்தவர்’ என்று நான் இட்டேன்.

பிறகு பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் யுத்தம் மூண்டது. பட்டாளம் ஏறும் ரயில்களின் நேரமெல்லாம் நம் கையில். ஒருநாள் ஜெர்மன் ஒற்றர்களைத் தேடிப் போலீஸ் வந்து மேசைகளைத் திறக்கச் சொன்னது. பட்டியல் உன் இழுப்பறையில் இருந்தது. நீ உள்ளே கைவிட்டுப் பலமாகத் தும்மினாய். மறுகணம் என் உள்ளங்கையில் ஒரு துண்டுக் காகிதம்.

மொழிபெயர்க்க வந்த தமிழர், நாம் எழுதியிருந்த தமிழ் அர்த்தங்களை உரக்க வாசித்தார். “போ, வா, ஏறு, சாவு... யாருய்யா சாகப்போறது?”

“யாரும் இல்லீங்க. இலக்கணம்” என்றாய்.

“எழுதினது நீ. சரிபார்த்தவன் எவன்? மூலை கிழிஞ்சிருக்கே.”

“ஒருத்தரும் பார்க்கலீங்க. தப்பு நிறைய இருக்கும்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் ரயில் நேர அட்டவணையைப் பார்த்தேன். அதில் ஒரு பிழையும் இல்லை.

இன்றும் எந்தக் காகிதத்தில் ஒப்பமிடுவதானாலும் முதலில் வாசலைப் பார்க்கிறேன். இந்தத் துண்டை எரிக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம். புதுக் கூட்டின் துணிக்குள் வைத்துத் தைத்துவிட்டேன்.

போலீஸ் வந்த வாரத்துச் சனிக்கிழமை உன்னை நாடுகடத்தி நாகப்பட்டினக் கப்பலில் ஏற்றினார்கள். திங்கட்கிழமை உன் மேசையை எனக்குக் கொடுத்தார்கள்.