கெயக்கு எந்தப் பக்கம்

இன்று காலை உன் அம்மா பட்டறைக்கு வந்தார். மீன் கூடையை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையிலிருந்து உன் திசைகாட்டியை எடுத்து என் கையில் வைத்தார். கடைசி நாளன்று உன் பையில் இருந்ததாம். பித்தளை மூடியில் மீன் வாடை. திறந்து பார்த்தேன், கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. அந்த கன்டெய்னர் லாரி உன் ஸ்கூட்டரை என்ன பாடு படுத்தியிருந்தது என்று பார்த்தவள் நான். இது மட்டும் எப்படித் தப்பியது என்று அதன் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

அதை ஏன் வாங்கினேன், நினைவிருக்கிறதா? போர்ச்சுகலில் நாம் அச்சு ஓவியம் படிக்கப் போன முதல் குளிர்காலம். சனி ஞாயிறு வந்தால் வகுப்பில் மற்றவர்கள் அரண்மனை, அருங்காட்சியகம் என்று கிளம்புவார்கள். நீ மட்டும் மீன் இறங்குகிற ஊர் எது என்று விசாரிப்பாய். மாத்தூரில் தொழிற்சாலைப் புகைக்கு நடுவே வளர்ந்த எனக்குக் கடலும் ஒன்றுதான், அரண்மனையும் ஒன்றுதான். உன் பின்னால் வந்தேன்.

அப்படி ஒரு சனிக்கிழமை, பெயர் வாயில் நுழையாத ஒரு ஸ்டேஷனில் இறங்கினோம். என் போனில் சார்ஜ் இல்லை. உன் போனை நீ எடுத்தே வரவில்லை. "கடலுக்கு வழி கேக்கணுமா இன்னா? கெயக்கால போனா தானா வந்துடப் போவுது," என்றாய். சூரியன் ஏறுகிற பக்கமாக நடந்தோம். யூகலிப்டஸ் தோப்பு வந்தது, மேடு வந்தது, ஆட்டுப்பட்டி வந்தது, கடல் வரவில்லை. கடைசியில் ஓர் ஆட்டுக்காரர் சிரித்துக்கொண்டே நாம் வந்த வழியையே கைகாட்டினார்.

அந்த நாட்டுக்குக் கடல் மேற்கே இருக்கிறது என்று வரைபடத்தில் இருவரும் எத்தனையோ தடவை பார்த்ததுதான். பார்த்து என்ன? உங்கள் குப்பத்தில் கிழக்கு என்பது திசையே இல்லை, கடலுக்கு இன்னொரு பெயர். அப்பா எங்கே என்று யாராவது கேட்டால் "கெயக்கால போயிருக்காரு" என்று சொல்லி வளர்ந்தவள் நீ.

ஒருவழியாகக் கரைக்கு வந்து சேர்ந்தபோது சூரியன் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "இன்னாமே இது, நம்மூர்ல கடல்லேர்ந்து வர்றது இங்க கடல்ல பூந்துக்குது. எல்லாம் தலகீயா கீது." ரயிலில் திரும்பும்போது சொன்னாய்: "இந்த ஊர்ல நா செத்துப்பூட்டா, எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நின்னுகினே இருப்பேன்." நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய்.

அடுத்த வாரம் பழைய சாமான் சந்தையில், உன்னைக் கிண்டல் செய்யத்தான் இதை வாங்கிக் கொடுத்தேன். நீ அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் போன ஊரிலெல்லாம், மத்தி சுடுகிற புகைக்கு நடுவே, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாய். முள் நிற்கும்வரை பொறுத்திருந்து, ஏதோ ஒரு மலையையோ பெட்ரோல் பங்க்கையோ கை நீட்டி, "தோ, அங்க கீது திருவொத்தியூரு," என்பாய்.

படிப்பு முடிந்ததும் அங்கேயே ஓர் அச்சுக்கூடத்தில் எனக்கு வேலை கொடுத்தார்கள். நீ விடவில்லை. "நம்மூர்ல நாமளே ஒரு பிரஸ் போட்டுக்கலாம், வாமே." சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் பின்னால் இந்த ஷெட்டைப் பிடித்தது நீ. பழைய உருளைகளைத் தேடிப் பொறுக்கி, லேத் பட்டறையில் காவல் நின்று பிரஸ்ஸைச் செய்து வாங்கியதும் நீ. அதில் முதல் படத்தை அச்செடுத்த சாயங்காலம், மை போகாத கையோடு இருவரும் பிரியாணி தின்றோம். அடுத்த மழைக்காலம் வருமுன் எண்ணூர் ரோட்டில் போய்விட்டாய். என்னைக் கூட்டிக்கொண்டு வந்து இங்கே விட்டுவிட்டு நீ போனதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

போன வாரம் அதே அச்சுக்கூடத்திலிருந்து மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். உன் அம்மாவிடம் சொன்னேன்.

"போ கண்ணு. அவளே இல்ல, நீ இங்க குந்திகினு இன்னா பண்ணப் போற?" என்றார். பிறகு திசைகாட்டியைப் பார்த்து, "இது இன்னா காட்டும்?"

"வடக்கும்மா."

"கெயக்கு காட்டாதா?"

"வடக்கு தெரிஞ்சா கெயக்கும் தெரிஞ்சுடும். தோ பாரும்மா," என்று பிரஸ் மேல் வைத்தேன். முள் ஆடி ஆடி, உருளையைப் பார்த்துக்கொண்டு நின்றது. நகர்த்தி வைத்தேன். அப்போதும் உருளையைத்தான் பார்த்தது. இவ்வளவு இரும்புக்கு நடுவில் அது பாவம் என்ன செய்யும்.

"அது எதுக்கு? கெயக்கு தோ கீது," என்று உன் அம்மா ஷெட்டின் பின்சுவரைக் காட்டிவிட்டு, கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனார். அந்தச் சுவருக்கு அப்பால் லாரிகள், ரோடு, பாறாங்கல் போட்ட கரை, அப்புறம் கடல். உன் அண்ணன் படகில் கொண்டுபோய் உன்னைக் கரைத்த கடல்.

வரவில்லை என்று அவர்களுக்கு எழுதிவிட்டேன். அங்கே போனால், ஒவ்வொரு சாயங்காலமும் முள் நிற்கும்வரை பொறுத்திருந்து உன்னைத் தேட வேண்டும். இங்கே நீ எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும்.