கன்னடத்தில் செத்துப்போனவளின் பெயர்

அக்கா,

இன்று சாயங்காலம் பேக்கரிக்காரர் இரண்டு கேக் பெட்டிகளைத் திறந்து என் முன்னால் வைத்தார். வெண்ணெயும் வெனிலாவும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது. இரண்டு கேக்கிலும் ஒரே பெயர், நேத்ரவி. இரண்டிலும் ஏழு என்ற எண்.

"எது உங்களுதுன்னு பாத்து எடுத்துக்குங்க மேடம். அந்த சீரியல் ஓடுன வருசம் பொறந்த பொண்ணுங்களுக்கு இந்தப் பேரே வெச்சிட்டாங்க. போன வாரமும் ஒரு நேத்ரவிக்குப் போட்டேன்," என்றார்.

சிரித்து வைத்தேன். பெட்டியை வாங்கிக்கொண்டு வெளியே வந்து நின்றேன். ஜூஜுவாடி எல்லைச் சோதனைச் சாவடிப் பக்கம் லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. உங்களோடு பேச வேண்டும் போலிருந்தது. மஞ்சள் காமாலையில் நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அதனால் எழுதுகிறேன்.

நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் உங்கள் கன்னட டிவி, இந்தப் பக்கம் என் தமிழ் டிவி. கம்பெனியிலும் ஒரே லைன். நீங்கள் பார்ட்ஸைப் பார்த்துத் தள்ளுவீர்கள், நான் பெட்டியில் அடுக்குவேன். என் மகளுக்கு முன் எனக்கு இரண்டு கர்ப்பம் ஐந்தாம் மாதத்திலேயே கலைந்திருந்தது. மூன்றாவது தங்கிய சமயத்தில்தான் அந்தக் கன்னட சீரியலைத் தமிழில் பேச வைத்துப் போட ஆரம்பித்தார்கள். அதில் வரும் நேத்ரவிக்கும் ஒரு கரு கலைந்து, மறுபடி உண்டாகியிருந்தாள். வீடே சேர்ந்து ஏசும்போது அவள் நிமிர்ந்து நின்று பதில் சொல்வாள். என் வாயிலிருந்து ஒருநாளும் வராத பதில்கள். ஐந்தாம் மாதம் தாண்டிய அன்று, பெண் பிறந்தால் இந்தப் பெயர்தான் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

தமிழில் வருவது கன்னடத்துக்குப் பல மாதம் பின்னால் இருந்தது. அதனால் உங்களுக்கு முழுக் கதையும் தெரியும். இருந்தும் தினம் ஏழு மணிக்கு என் பக்கத்தில் வந்து உட்காருவீர்கள். ஒருநாள் கேட்டேன்.

"அக்கா, அவளுக்குக் கொழந்த நல்லபடியா பொறக்குதுங்களா?"

நீங்கள் என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தீர்கள். "பொறக்குது. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. நீ தின்னும்மா."

எட்டாம் மாதம் தொடங்கிய மூன்றாம் நாள், லைனில் நின்றபடியே எனக்குக் கண் இருட்டியது. பிரஷர் ஏறியிருந்தது. கிருஷ்ணகிரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஏனூ ஆகல்ல, ஒண்ணும் ஆகாது" என்று இரண்டு மொழியிலும் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். அறுத்துத்தான் எடுத்தார்கள். பெண். கையளவுதான் இருந்தாளாம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை ஊத்தங்கரையிலிருந்து அத்தை வந்தார். என் கட்டிலைச் சுற்றி அவரும் என் வீட்டுக்காரரும் நீங்களும் நின்றிருந்தீர்கள். நர்ஸ் வந்து, "உங்க பேர்லயே இன்னொரு அம்மா இருக்காங்க. ரெண்டு குழந்தையும் உள்ள இருக்கு. குழப்பம் வேணாம், கூப்பிடற பேரு எதுனா சொல்லுங்க, சீட்டுல எழுதணும்," என்றார்.

"நேத்ரவி," என்றேன்.

பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்திருந்த அம்மாள் திரும்பினாள். வேப்பனப்பள்ளிப் பக்கத்துக்காரி. "அந்த சீரியல் பேரா? அய்யோ வேணாம்மா. கன்னடத்துல அவ செத்தே போயிட்டா. பிரசவத்துலயே. எட்டு மாசத்துல."

அத்தையின் முகம் இறுகியது. "செத்தவ பேரயா இத்தினி நாளா சொல்லிக்கினு இருந்த? அதான் புள்ள இப்பிடிக் கெடக்குது. டேய், போய் அம்மன் பேர எழுதச் சொல்லு," என்றார் மகனிடம்.

நான் உங்களைப் பார்த்தேன்.

"உங்களுக்குத் தெரியுங்களா அக்கா?"

"தெரியும்," என்றீர்கள். அவ்வளவுதான். பிறகு நர்ஸிடம் திரும்பி, "நேத்ரவின்னே எழுதும்மா," என்றீர்கள்.

அத்தை கத்தினார். யார் வீட்டுப் பிள்ளைக்கு யார் பெயர் வைப்பது என்று கேட்டார். நீங்கள் குரலை உயர்த்தவே இல்லை. "அவளுக்குக் கதை எழுதினவங்க இருந்தாங்கம்மா, அவங்க சாகடிச்சாங்க. இந்தக் கொழந்தைக்கு யாரும் எழுதி வெக்கல."

எனக்கு அது காதில் ஏறவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, என் சோற்றைப் பரிமாறிக்கொண்டே பொய் சொல்லியிருக்கிறீர்கள் என்பது மட்டும்தான் மண்டைக்குள் சுற்றியது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். மூன்று நாள் உங்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்கள் ஷிப்ட் மாற்றிக்கொண்டு பஸ் பிடித்து வந்தீர்கள். கொண்டுவந்த ரசம் சாதத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றீர்கள்.

நான்காம் நாள் காலை குழந்தை நீலம் பாரித்துப்போனாள். உள்ளே நர்ஸுகள் ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் வெளியே வந்து சொன்னார். "மாசத்துக்கு முன்னாடி பொறந்த குழந்தைங்க சில நேரம் மூச்சு விட மறந்துடும். உள்ளங்கால்ல தட்டினா மறுபடி விடும். நாங்க பாத்துக்கறோம், கூட ஒருத்தர் உக்காந்தா நல்லது."

என்னால் நிற்க முடியவில்லை. அத்தை பின்வாங்கினார். நீங்கள் கை கழுவிவிட்டு உள்ளே போனீர்கள்.

அப்போது நான் செய்ததை உங்களிடம் சொன்னதே இல்லை. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "பேர மாத்திடுங்க. இந்தப் பேரு வேணாம்," என்றேன். என் வாயாலேயே சொன்னேன். அவர் நர்ஸைத் தேடிப் போனார். நான் சுவரைப் பிடித்துப் பிடித்து அந்த அறையின் கண்ணாடி ஜன்னல்வரை நடந்து போனேன். நீங்கள் குனிந்து உட்கார்ந்து, பெட்டியின் ஓட்டை வழியாகக் கையை விட்டு, ஒற்றை விரலால் அந்தச் சின்னப் பாதத்தைத் தட்டிக்கொண்டிருந்தீர்கள். தட்டும்போதெல்லாம் உங்கள் வாய் அசைந்தது. சத்தம் கேட்கவில்லை. ஆனால் என்ன சொல்கிறீர்கள் என்று தெரிந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் நேத்ரவி, நேத்ரவி. அவள் மார்பு நின்றது. தட்டினீர்கள். மறுபடி ஏறியது.

என் வீட்டுக்காரர் திரும்பி வந்து, "என்ன பேரு சொல்லட்டும்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்லாதீங்க. அதுவே இருக்கட்டும்."

இருபது நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். அந்த நாட்களில் அத்தையும் முறை வைத்து உள்ளே உட்கார்ந்து தட்டினார். ஆனால் பெயரைச் சொல்லவில்லை. இன்றுவரை பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்.

அவளுக்கு நான்கு மாதம் ஆனபோது தமிழிலும் சீரியல் நேத்ரவி சாகும் நாள் வந்தது. ஏழு மணிக்கு நீங்கள் வந்து டிவியை அணைத்துவிட்டு, ரிமோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டீர்கள். அன்றுதான் கேட்டேன், ஏன் பொய் சொன்னீர்கள் என்று.

"நீ அவளப் பாத்துக்கிட்டுதான் சாப்ட்டே. அவ செத்துட்டான்னா சாப்புடுவியா?" என்றீர்கள். ரிமோட்டை மடியில் வைத்துவிட்டு, "எனக்கும் அவ செத்தது புடிக்கல," என்றீர்கள்.

"அப்ப நீங்களே சொல்லுங்க, அவளுக்கு என்ன ஆச்சு?"

யோசிக்கவே இல்லை நீங்கள். "பொழச்சிட்டா. கொழந்தைய இடுப்புல வெச்சிக்கிட்டு அந்த வீட்ட விட்டு வெளிய வந்துட்டா. நம்ம கம்பெனியிலதான் வேல. மூணாவது லைன்."

அந்த சீரியலை அதன்பிறகு நான் பார்க்கவில்லை. நன்றி என்ற சொல்லையும் உங்களிடம் சொல்லவில்லை. நீங்கள் நோயில் படுத்த பிறகு சொல்லலாம் என்று இரண்டு முறை வந்தேன். இரண்டு முறையும் நீங்கள்தான் பேசினீர்கள், குழந்தை சாப்பிட்டாளா என்று.

போன மாதம் பள்ளியிலிருந்து வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை. கண் சிவந்திருந்தது. "அம்மா, டிவில வந்த நேத்ரவி செத்துட்டாளாமே? கிளாஸ்ல சொல்றாங்க," என்றாள்.

"யாரு சொன்னது? அவ நல்லா இருக்கா. நம்ம கம்பெனியில மூணாவது லைன்ல வேல செய்யறா," என்றேன்.

"நீ பாத்திருக்கியா?"

"தினமும் பாக்கறேன். நீ வா, சாப்புடு."