ஏழு பேர் எழுதிய பெயர்

8 டிசம்பர் 1987
செவ்வாய்க்கிழமை, அடுப்படி மேஜை

என் கண்ணு மார்னிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் நாயும் சுகமாக இருக்கிறோம், இந்த வருஷத்தில் இதைப் பொய் கலக்காமல் எழுதுவது இதுதான் முதல் தடவை. நீயும் அந்த ஜெர்மனிக் குளிரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைக் கவனித்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். நான் அனுப்பின கம்பளிக் காலுறை வந்ததா இல்லையா என்று நீ ஒரு வரி எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க நிற்கிற காலுக்கு அது வேண்டும், அழகு பார்த்து மெல்லிசாகப் போட்டுக்கொண்டு அலையாதே. இங்கே சனிக்கிழமை ஒரு முழம் பனி கொட்டியது, பாதையை யார் ஒதுக்கினது என்று நினைக்கிறாய், நான்தான். அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு, நான் தப்பாக ஒதுக்குகிறேன் என்று சைகை காட்டினார். அதிலிருந்தே உடம்பு தேறிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

கழுத்துப் புண் ஆறிவிட்டது. டாக்டர் தொண்டைக் கான்சரைச் சுத்தமாக எடுத்துவிட்டோம் என்று மறுபடியும் சொன்னார், கடவுளுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. குரலும் அதோடு போய்விட்டது, அதுதான் உனக்குத் தெரியுமே. கடைசி ஆட்டம் முடியட்டும் என்று சீசன் பூராவும் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டதற்கு நீ போனில் கத்தினாயே, அந்தக் கத்தல் எனக்கும் சேர்த்துத்தான் என்று வாங்கிக்கொண்டேன். பேச்சுப் பயிற்சிக்கு ஒரு அம்மாள் வாரம் ஒருநாள் வருகிறாள். காற்றை விழுங்கி, அதை ஏப்பம் மாதிரி மேலே கொண்டுவந்து, வாயால் வார்த்தையாக்க வேண்டுமாம். முதல் தடவை அப்பா முயற்சி பண்ணினபோது ஒரு சத்தம் வந்தது பார், நாய் எழுந்து மேஜைக்கு அடியில் போய்விட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது மார்னி. வேணும் என்றா சிரித்தேன்? ஆனால் அவர் முகம் சிவந்து போனது, அன்றோடு பயிற்சியையே நிறுத்திவிட்டார். அந்த அம்மாள் வந்தால் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். எல்லாவற்றுக்கும் கையில் ஒரு சிலேட்டு. நானும் எத்தனையோ மன்னிப்புக் கேட்டுப் பார்த்தேன், சிலேட்டில் பரவாயில்லை என்று எழுதிக் காட்டிவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொள்வார். போன மாதம் நீ கூப்பிட்டபோதுகூட, பக்கத்தில் நின்று ரிசீவரில் விரலால் தட்டினாரே தவிர ஒரு சின்னச் சத்தம்கூட எழுப்பவில்லை. நீ அந்தப் பக்கம் அழுதது எனக்குக் கேட்டது, கேட்காத மாதிரி பனியைப் பற்றிப் பேசினேன்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன், இதைச் சொல்லத்தான் இன்றைக்குத் துணி துவைக்கிற வேலையைக்கூட விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கிராண்ட் ஐலண்ட் டவுனில் ஃபுட்பால் கோச்சுகள் கூட்டம். வருஷா வருஷம் நடக்கிறதுதான், எட்டுக் கல்லூரி கோச்சுகளும் ஒரு ஓட்டல் அறையில் உட்கார்ந்து, இந்த சீசனின் சிறந்த ஆட்டக்காரர்கள் யார் யார் என்று ஓட்டுப் போட்டு எடுக்கிற கூட்டம். முப்பத்தொரு வருஷமாக அப்பாவுக்கு சாண்ட்விச் கட்டிக்கொடுத்து வாசலோடு நின்றுவிட்டேன், இந்தத் தடவை கார் ஓட்ட நான்தான் போனேன். போக மாட்டேன் என்றுதான் அப்பா முதலில் எழுதினார். ஆனால் எமெட்டுக்காகப் போய்த்தான் ஆக வேண்டும் என்று அவருக்கே தெரியும்.

எமெட் ஸ்ட்ராண்டை உனக்கு ஞாபகம் இருக்கும். போன கோடையில் நீ வந்திருந்தபோது கூரை ரிப்பேருக்கு வந்து, ஏணிப்படியை உடைத்துவிட்டு, உன்னிடம் ஒரு தடவை, என்னிடம் ஒரு தடவை, ஏணியிடம் ஒரு தடவை என்று ஸாரி சொன்ன மலை மாதிரிப் பையன். மூன்று வருஷமாக அவன் நம் அணியில் கார்டு, சென்டருக்குப் பக்கத்தில் நின்று எதிராளியை முட்டித் தள்ளுகிற இடம், இந்த வருஷம் சிறந்தவர்களின் முதல் அணியில் அவன் பெயர் வரும் என்று ஊரே சொன்னது. ஐந்தாவது ஆட்டத்தில் நம் சென்டருக்குக் கணுக்கால் உடைந்துவிட்டது. பந்தைப் பின்னால் தள்ளிவிட ஆள் இல்லை. அப்பா எமெட்டைக் கூப்பிட்டு, நாளையிலேர்ந்து நீ நடுவுல நில்லுடா என்றாராம், சரி கோச் என்றானாம், அவ்வளவுதான். பாதி சீசன் ஒரு இடம், பாதி சீசன் ஒரு இடம் என்றால் யார் ஓட்டுப் போடுவார்கள்? அன்று சாயங்காலம் சாப்பாட்டில் கையே வைக்காமல், அவன் கைல இருந்ததை நானே புடுங்கிட்டேன் லோரெட்டா என்று அப்பா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அப்போதே குரல் கரகரவென்று இருந்தது.

பந்தோடு ஓடுகிறவனுக்கு எத்தனை கெஜம் ஓடினான் என்று கணக்கு இருக்கும், பிடிக்கிறவனுக்கும் இருக்கும், முன்வரிசையில் நின்று முட்டுகிற பையனுக்கு எந்தக் கணக்கும் கிடையாது. அவனைப் பற்றி அவன் கோச் எழுந்து நின்று வாயால் சொன்னால்தான் உண்டு. சொல்லலாமே தவிர, தன் அணிப் பையனுக்கு ஓட்டுப் போடக் கூடாது. அப்பா பேசினால் அந்த அறையில் மேஜையைத் தட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இந்த வருஷம் அவர் இரண்டு பக்கம் எழுதிக்கொடுத்தார், கோச் வெர்ன் எழுதியது என்று சொல்லி செயலாளர் டிக்ஸன் அதை வாசித்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் பஸ் நேரம் அறிவிக்கிற மாதிரி வாசித்தார். தான் எழுதின பேச்சை இன்னொருத்தர் கொலை பண்ணுவதைக் கேட்டுக்கொண்டு அப்பா மேஜையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அதற்கு மேல் ஒரு கூத்து, அதற்குக் காரணம் உன் அம்மா. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது பெயர்ப் பட்டியலை நான்தான் டைப் அடித்து அனுப்பினேன். எமெட்டை எங்கே போடுவது என்று யோசித்து, இரண்டு இடத்திலும் ஆடினான், இரண்டிலும் போட்டால் இரட்டை வாய்ப்பு என்று சென்டரிலும் அடித்தேன், கார்டிலும் அடித்தேன். ரொம்பக் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு உறையை ஒட்டினேன். கோச் பெண்டாட்டியாக இத்தனை வருஷம் இருந்தும் அந்தப் புத்தி இல்லை எனக்கு. ஓட்டுகளை எண்ணி டிக்ஸன் கரும்பலகையில் எழுதினார். சென்டருக்கு எமெட் மூன்று, ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கல்லூரிப் பையன் டூயி நான்கு, வேறொரு பையன் ஒன்று. கார்டுக்கு இரண்டு இடம், ஜெயித்த இருவருக்கு ஆறும் ஐந்தும், எமெட்டுக்கு நான்கு. இரண்டு இடத்திலும் போச்சு. அப்பா மெதுவாக சிலேட்டை என் பக்கம் தள்ளினார். என் தப்பு, நான் பாத்திருக்கணும் என்று எழுதியிருந்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

டிக்ஸன் அடுத்த இடத்துக்குப் போகலாமா என்று கேட்டபோதுதான், இருங்கய்யா என்று ஒரு குரல். யார் என்று நினைக்கிறாய், ஹார்லன் மெக்விட். ஆமாம், ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கல்லூரி கோச்தான். உனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, நம் அணிக்கு வருகிறேன் என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்த பையனின் பண்ணைக்குப் போய், அவன் அப்பாவோடு உட்கார்ந்து பால் கறந்து கொடுத்து, பையனைத் தட்டிக்கொண்டு போனாரே, அதே ஆள். இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பெயரை நம் வீட்டில் நான் எடுத்ததில்லை. ஆபரேஷனின் போது ஒரு பெரிய பன்றித்தொடை அனுப்பியிருந்தார், அதை அப்படியே சர்ச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

அவர் எழுந்து போர்டு பக்கம் போனார். எண்ணிப் பாருங்க, நடுவுல மூணு, பக்கத்துல நாலு, மொத்தம் ஏழு, ஒருத்தர் ஒரு பையன் பேரை ஒரு தடவைதான் எழுத முடியும். வெர்ன் தன் பையனுக்குப் போடக் கூடாது, மிச்சம் நாம எத்தனை பேரு? ஏழு. போடலாம்னு இருக்கற அத்தனை பேரும் ஒரே பையன் பேரை எழுதியிருக்கோம், அவன் மட்டும் வெளிய நிக்கறான், இதென்னய்யா கூத்து என்றார். டிக்ஸன் தயங்கி, சட்டப்படி இடவாரியாத்தான் எண்ணணும் ஹார்லன், ஆட்சேபம் இருந்தா அந்தப் பையனோட கோச்தான் எழுந்து சொல்லணும் என்றார். அப்பா எழுந்தார் மார்னி. எழுந்து வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. எல்லாரும் அவரவர் காகிதத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அந்த நிமிஷம் என் சிரிப்பை நினைத்து என்னை நானே சபித்துக்கொண்டேன்.

ஹார்லன்தான், பாத்தீங்கல்ல, எழுந்துட்டாரு, சட்டப்படி போதும் என்றார். அவர் சொல்றதை நான் சொல்றேன், இருபது வருஷமா மைதானத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து இந்தக் கெழவன்கிட்டத் திட்டு வாங்கினவன் நான், இவன் வாயைத் திறந்தா என்ன வரும்னு எனக்கு மனப்பாடம் என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அப்பாவும் தோள் குலுங்கச் சிரித்தார். அப்புறம் ஹார்லன் சிரிக்கவில்லை. அக்டோபர் ஆட்டத்தில் எமெட்டுக்கு எதிரே நின்ற அவருடைய தடியன் இடைவேளையில் வந்து, கோச், அவன் என்னை ஃப்ரிட்ஜை நகத்தற மாதிரி நகத்தறான், நகத்திட்டு ஸாரி வேற சொல்றான் என்று அழாத குறையாகச் சொன்னானாம். இடத்தை மாத்துன்னதும் ஏன்னு கேக்காம மாறினான் பாருங்க, அதுக்கா தண்டனை, சென்டருக்கு மறுபடி ஓட்டுப் போடுங்க, இவன் பேரு அங்க மட்டும் இருக்கட்டும் என்றார். யாரோ ஒருத்தர், யோவ் ஹார்லன், அங்க ஜெயிச்சிருக்கறது உன் டீம் பையன்யா என்று ஞாபகப்படுத்தினார். எனக்கும் படிக்கத் தெரியும், டூயிகிட்ட நான் போய்ச் சொல்லிக்கறேன் என்றார்.

மறுபடி போட்டார்கள். எமெட்டுக்கு ஏழு, டூயிக்கு ஒன்று. அந்த ஒன்று நம் அப்பா போட்டது. டூயி இரண்டாவது அணிக்குப் போய்விட்டான், பாவம்.

கூட்டம் முடிந்ததும் வெளியே போனேன். ஹார்லன் கார்க் கண்ணாடியில் பனிக்கட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய், நீங்க அனுப்பின பன்றித்தொடை ரொம்ப நல்லா இருந்துச்சு என்றேன். சுரண்டுவதை நிறுத்தாமல், ஆமாமா, பாதிரியாரும் அப்படித்தான் சொன்னாரு என்றார். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். நன்றி என்று எத்தனை தடவை சொன்னேனோ, அழுதுகொண்டே சொன்னேன், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நம் வீட்டில்தான் அவர் சாப்பிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டேன். அவருக்கு என்று ஆப்ரிகாட் வைத்து இரண்டு தட்டு கோலாச்சி ரொட்டி சுடப் போகிறேன். இத்தனை வருஷம் ஒரு மனுஷன்மேல் கோபத்தைச் சுமந்தேனே, என்ன சுகத்தைக் கண்டேன் சொல்லு.

தேர்வானவனுக்கு அவன் கோச்தான் போன் பண்ணிச் சொல்ல வேண்டும், அது வழக்கம். நான் சொல்லிவிடுகிறேன் என்று ஓட்டல் வரவேற்பில் இருந்த போனில் எமெட் வீட்டு நம்பரைச் சுற்றினேன். அந்தப் பக்கம் எடுக்கிற சத்தம் கேட்டதும், அப்பா என் கையிலிருந்து ரிசீவரை வாங்கினார். வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, காற்றை விழுங்கினார். எமெட் என்றார். கரகரவென்று, அடித்தொண்டையிலிருந்து, வரவேற்பில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி. அவர் யாரையும் பார்க்கவில்லை. மறுபடி விழுங்கி, கிடைச்சிருச்சு என்றார். நான் காதை ரிசீவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அப்புறம், கோச்சா, கோச் நீங்களா என்றான் பையன். என்ன கிடைத்தது என்று கேட்கவே இல்லை மார்னி. அம்மா, ஓடி வாயேன், கோச் பேசறாரும்மா என்று வீடு அதிரக் கத்தினான்.

திரும்பி வரும்போது காரில் சிலேட்டு பின் சீட்டில் கிடந்தது. இன்று காலை குளியலறையிலிருந்து தவளை கத்துகிற மாதிரி ஒரே சத்தம், கதவு திறந்துதான் இருந்தது. நாய் பழகிவிட்டது. நான் சிரிக்கவில்லை, சத்தியமாக.

வேறு என்ன எழுத. விடுமுறை கிடைக்கவில்லையே என்று உருகாதே, வசந்தத்தில் வந்தால் போதும். காபியைக் குறை. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் கை தொடுகிற நோயாளிகளையும் சுகமாக்கட்டும். எங்கள் இருவர் ஆசியும் முத்தமும்.

ஒன்று மட்டும் மறக்காதே. கிறிஸ்துமஸ் அன்று உங்கள் ஊர் சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் வரும். எடுத்ததும் ஒரு சத்தமும் கேட்காது, லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதே. காற்றை விழுங்க அவருக்குக் கொஞ்ச நேரமாகும். என்ன பயிற்சி பண்ணுகிறார் என்று கதவுப் பக்கம் நின்று கேட்டேன், உன் பெயரைத்தான்.

உன் அம்மா,
லோரெட்டா