மொட்டைமாடிக் கம்பியும் மாமாவின் டோப்பாவும்

அருமை மகளுக்கு, பெறாமல் வளர்த்த சித்தப்பன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என் அக்காளைக் கட்டிய மாமேதை, அதாவது உன் மாமா, தேவைக்கு மேலேயே சுகம், நீ சுகமில்லை என்பது போனில் மூக்கை உறிஞ்சினபோதே தெரிந்துவிட்டது. யாரும் நம்பப்போகாத கதை ஒன்றை இதில் எழுதுவேன் என்று ஆகாயம் பூமி சாட்சியாகச் சத்தியம் செய்கிறேன்.

முதலில் உன் பேராசிரியர். கடலடிக் குழாய் நீரோட்டத்தில் எப்படி அதிர்கிறது என்று தொட்டியில் குழாயைக் கட்டிவிட்டு வருஷக்கணக்காகப் பார்க்கிறாய், மெதுவான ஓட்டத்தில் அது ஆட்டம் போடுகிறது, வேகத்தைக் கூட்டினால் அடங்குகிறது, அந்த மகானுபாவரோ எட்டிக்கூடப் பார்க்காமல், வேகம் கூடினால் ஆட்டமும் கூட வேண்டும், உன் அளவு தப்பு, அதை ஆய்வேட்டிலிருந்து அடித்துவிட்டு வா, இல்லையென்றால் கையெழுத்து கிடையாது, பட்டம் அடுத்த வருஷம்தான் என்கிறார். தொட்டித் தண்ணீரில் விரல் நனைக்காத பிரகஸ்பதி! அவரைக் கடலில் போட்டால் மீன்கூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். அதைவிட, "அடிச்சுடட்டுமா சித்தப்பா" என்று நீ கேட்டாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வாய் சும்மா இராமல் மாமாவிடம் சொன்னேன். "இதுக்கெல்லாம் ஒரு ஆராய்ச்சியா? காத்து அடிச்சா கம்பி ஆடும், ஜாஸ்தி அடிச்சா ஜாஸ்தி ஆடும்" என்றார். இழுத்துக்கொண்டு போய் மொட்டைமாடியில், துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே நிறுத்தினேன். இளங்காற்றுக்கே கம்பி ரீங்காரமிட்டது, ஏழு தெரு நாய்களும் கூடச் சேர்ந்து பாடின, தண்ணீர்த் தொட்டி மூடி தாளம் போட்டது. "பாருடா, காத்து ஏறட்டும், அறுந்தே போயிடும்" என்று மாமா மார்பை நிமிர்த்தினார். ஏறியது. சாமானியக் காற்றா, எதிர்வீட்டு ஸ்கூட்டர் தானே கிளம்பி ஆபீஸ் போய்விட்டது, மாமாவின் டோப்பா பறந்து நடுக்கடலில் ஒரு கப்பலின் கொடிமரத்தில் குடியேறியதாகத் தகவல். கம்பியோ கப்சிப். மாமா வழுக்கையைத் தடவியபடி, "கம்பி சரியில்லடா" என்றார். இந்தக் கூட்டத்துக்கு எப்போதும் கம்பிதான் சரியில்லை, குழாய்தான் சரியில்லை, நீதான் சரியில்லை.

அந்த அளவை அடிக்காதே. பட்டம் ஒரு வருஷம் தள்ளினால் தள்ளட்டும். அவரைப் பக்கத்தில் நிற்கவைத்து மறுபடி தண்ணீரை ஓட்டு. நீண்ட ஆயுளும் நிமிர்ந்த கழுத்துமாக இரு. ஈரத்தலையோடு ஆய்வுக்கூடம் போகாதே.

இப்படிக்கு,
மூவுலகும் மெச்சும்
உன் சித்தப்பா

பி.கு. ஸ்கூட்டர் வாசலில்தான் நிற்கிறது, டோப்பாவும் மாமாவின் தலையில்தான். காற்று ஏறினதும் கம்பி ஓய்ந்தது மட்டும் நிஜம். கையால் தொட்டே பார்த்தேன்.