மாவு மில்லும் சேக் அனுப்பிய ஹெட்போனும்

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்து மேல்காற்று. முற்றம் முழுக்கத் தூசி. குழாயில் தண்ணீர் வந்தது, கலங்கல்.

சவூதியில் தம்மாமில் இருக்கும் மகன் சேக்கின் பொட்டலம் வந்தது. லீவில் வந்த காயல்பட்டினத்துக்காரர் கொண்டு தந்தார். தைலம் இரண்டு, வீட்டுக்காரி பாத்திமாவுக்கு அத்தர், எனக்கு ஒரு ஹெட்போன். கறுப்பு. வயர் கிடையாது.

சாயங்காலம் சேக் பேசினான். "வாப்பா, இது வெளிச் சத்தத்த அடக்குத ஹெட்போன். ரொம்ப வெல இல்ல. ஒரு வாரம் போட்டுப் பாருங்க. மில்லுச் சத்தம் நின்னுட்டுன்னா அந்த மனுவத் திரும்ப வாங்கிருங்க. நூரு லாத்தா பாவம்."

"நிக்கலன்னா?"

"உங்க இஷ்டம்."

சரி என்றேன். வாக்கு வாக்குதான்.

அவன் அக்கா முறையில் லாத்தா என்கிற பக்கத்து வீட்டு நூர்ஜஹான், புருஷன் மவுத்தான பிறகு வாசல் அறையில் மாவு மில் போட்டாள். பதினாலு மாதம் ஆகிறது. அவள் மில்லுக்கும் என் படுக்கை அறைக்கும் ஒரே சுவர். மில்லை மூடச் சொல்லி மூன்று மனு கொடுத்தேன். வருகிற திங்கள் அதிகாரி நேரில் பார்க்க வருகிறார். இந்தச் சமயம் பார்த்து ஹெட்போன் வருகிறது.

ஆற்றங்கரைப் பம்ப் ஹவுஸில் இருபத்தாறு வருஷம் தினக்கூலி. மோட்டார் வேலை நானே பார்த்துப் படித்தது. சர்டிபிகேட் இல்லை என்று கடைசி வரை நிரந்தரம் செய்யவில்லை. வலது காது அந்தச் சத்தத்தோடு போயிற்று. இருக்கிற ஒரு காதையும் மில்லுக்குக் கொடுக்க முடியாது.

ஜூலை 15, செவ்வாய்

காற்று நிற்கவில்லை. விளக்கப் புத்தகம் முழுதும் படித்தேன். இங்கிலீஷ், எறும்பு எழுத்து. பூதக்கண்ணாடி, அகராதி, இரண்டு மணி நேரம். வெளிச் சத்தத்தைச் சின்ன மைக் கேட்டு, அதற்கு எதிர்ச் சத்தம் உண்டாக்கி அடித்து விடுகிறதாம். மோட்டாருக்கு மோட்டார் சண்டை.

போனோடு சேர்க்க நாலு தடவை முயற்சி. யாரையும் கேட்கவில்லை. ஐந்தாவதில் ஒரு பொம்பிளைக் குரல், இங்கிலீஷில், சேர்ந்துவிட்டதாம்.

சோதனை:
மின்விசிறி – சத்தம் அறவே இல்லை.
குக்கர் விசில் – கேட்கிறது.
காக்கை – கேட்கிறது.
பாத்திமா – கேட்கிறது, தூரத்தில்.
மூக்குக் கண்ணாடியோடு போட்டால் கம்பி இடுக்கு வழியே சத்தம் நுழைகிறது. கழற்றினால் நன்று, ஆனால் எழுத முடியாது.
மாடியில் காற்று மைக்கில் புகுந்து புஸ் புஸ். மாடிக்கு ஆகாது.
ஒரு மணி நேரத்தில் காது வேர்க்கிறது.
வலது பக்கம் எனக்கு வீண்.

மூன்று மணிக்கு மில் ஓடியது. மாட்டினேன். அந்தக் கடகடப்பு, நெஞ்சுக்குள் இறங்கும் அது, பாதிக்குமேல் அடங்கிவிட்டது. பத்துக்கு ஏழு போடலாம்.

ஒப்புக்கொள்ளப் பிடிக்கவில்லை. ஆனால் ஏழுதான்.

பாத்திமா மூன்று தடவை கூப்பிட்டாளாம். நாலாவது தோளைத் தட்டினாள். "இது மாட்டுததுக்கு முன்னால மட்டும் கூப்பிட்டா திரும்புனியளாக்கும்?"

ஜூலை 16, புதன்

மேகம். மழை இல்லை. டவுன் பஸ்ஸில் ஜங்ஷன் போய் வந்தேன், சோதனைக்காகவே. எஞ்சின் இரைச்சல் போய்விட்டது. கண்டக்டர் விசில் அப்படியே. பின் சீட்டில் இரண்டு பேர் மாப்பிள்ளை பார்ப்பதைப் பற்றிப் பேசியது ஒரு சொல் விடாமல் கேட்டது. வெறும் காதில் பஸ்ஸில் இப்படிக் கேட்டதில்லை. எழுதி வைக்க வேண்டிய விஷயம்: ஒரே சீராக ஓடும் சத்தத்தைத்தான் அடக்குகிறது. பேச்சை விட்டுவிடுகிறது. இரைச்சல் போனதும் பேச்சு முன்னால் வந்து நிற்கிறது.

இறங்கி ரோட்டைத் தாண்டும்போது கழற்றவில்லை. ஆட்டோ ஒன்று உரசிப் போனது. "பெரிசு! காதுல பாட்டு கேக்குதோ?" என் தப்பு. ரோட்டில் போடக் கூடாது.

சேக்கோடு ஹெட்போனில் பேசினேன். கிணற்றுக்குள் இருந்து பேசுவது மாதிரி இருக்கிறதாம். பேசுவதற்கு நாலு.

சார்ஜ் இன்னும் பாதிக்கு மேல். அதற்கு ஒன்பது.

ஜூலை 17, வியாழன்

ஆடி முதல் நாள். மில்லில் பொம்பிளைக் கூட்டம். கொழுக்கட்டைக்கு அரிசி மாவு. பத்து மணியிலிருந்து நிற்கவில்லை. நல்ல சோதனை என்று சுவரோரம் கட்டிலில் உட்கார்ந்தேன்.

கடகடப்பு அடங்கியது. பஸ்ஸில் நடந்தது இங்கேயும். சுவருக்கு அந்தப் பக்கப் பேச்சு.

"மனு போட்ட கெழவன் உள்ள இருக்கானாட்டி?"

"இருப்பாவ. பைய பேசுங்க." நூர்ஜஹான்.

"அவனுக்குக் காதே கேக்காதுங்காவ. பெறவு எதுக்கு மனுவாம்?"

சிரிப்பு. நூர்ஜஹான் சிரித்தாளா என்று தெரியவில்லை.

எழுந்துவிடலாம் என்று நினைத்தபோதுதான் அது. பேச்சுக்கு நடுவே மெல்லிசாக ஒரு கீச். நின்று, மறுபடி கீச். எத்தனை நாளாகக் கடகடப்புக்குள் ஒளிந்துகொண்டு இருந்ததோ. ஹெட்போனோடு காதைச் சுவரில் அழுத்தினேன். சந்தேகம் இல்லை. பேரிங். உள்ளே உருளும் இரும்புப் பந்து தேய்ந்து சொறிபட்டிருக்கிறது.

பம்ப் ஹவுஸ் மூன்றாம் நம்பர் மோட்டார் இதே சத்தம் போட்டது. மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். "சர்டிபிகேட் இல்லாத ஆள் காத நம்பி மோட்டார நிறுத்த முடியுமாய்யா?" என்றார் இன்ஜினியர். ஆறாம் நாள் பேரிங் இறுகி, பெல்ட் அறுந்து சவுக்கு மாதிரி வீசியது. உடன் வேலை பார்த்த ஆறுமுகத்துக்கு இடது கை முழங்கைக்குக் கீழே போயிற்று.

நூர்ஜஹான் பெல்ட்டுக்கு ஒரு முழம் தள்ளித்தான் நிற்கிறாள். பெல்ட்டுக்குக் கம்பி வலை கிடையாது. அதையும் மனுவில் எழுதியிருக்கிறேன்.

ஜூலை 18, வெள்ளி

தூறல், பத்து நிமிஷம். ராத்திரி சரியாகத் தூக்கம் இல்லை.

உள்ளதை எழுதுகிறேன். பேரிங் தானே போனால் மில் தானே நிற்கும். அதிகாரிகூடத் தேவையில்லை. அதிகாலையில் இப்படித்தான் நினைத்தேன். எழுதியதை அடிக்கவில்லை, இருக்கட்டும்.

ஜும்ஆ முடிந்து நேரே மில்லுக்குப் போனேன், ஹெட்போன் கையில். ஏழெட்டுப் பேர். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

"மோட்டார நிறுத்து."

"திங்கக்கெழம வரைக்கும் பொறுக்க முடியலியா மாமா?" நூர்ஜஹான் முகம் சிவந்துவிட்டது. "அதிகாரி வந்து பூட்டச் சொன்னா பூட்டுதேன். நீங்க சொல்லி இல்ல."

"பேரிங் போயிட்டு. நிறுத்து."

"நேத்துதான் கிரீஸ் வச்சேன்."

"கிரீஸ் வச்சா செத்தது எந்திக்குமா?"

பின்னால் ஒருத்தி, "தாத்தா பாட்டுப் பொட்டியோட வந்திருக்காவ, ஆடப் போறாவளா?" எல்லாரும் சிரிப்பு.

வாயால் சொல்லிப் பயன் இல்லை. இன்ஜினியரிடம் சொன்னதும் வாயால்தான். ஹெட்போனை நீட்டினேன். "இத மாட்டிக் கேளு. பெறவு பேசு."

முக்காட்டுக்கு மேலேயே வைத்தாள். "துணிக்கு உள்ளே. காத மூடணும்." சரி செய்தாள். பட்டனை அமுக்கச் சொன்னேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு கண்ணை மூடினாள்.

"கீச்சுங்குது."

"எத்தன தடவ?"

விரலை நீட்டி எண்ணினாள். ஐந்து. ஹெட்போனோடு நடந்து போய் சுவிட்சை அணைத்தாள். பெல்ட் ஆடி ஆடி நின்றது. அரிசிப் பாத்திரத்தோடு நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

"மெக்கானிக்கு யாரக் கூப்பிடட்டும்? எல்லாவனும் திங்கக்கெழமதான் வருவான்."

"நான் செத்தா போனேன்?"

ஜூலை 19, சனி

காலை எட்டு மணிக்குத் தொடங்கினேன். நூர்ஜஹான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள், சரியான நம்பர் பார்த்து. பழைய பேரிங் சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தது. ஒரு பந்து இரண்டாக உடைந்திருந்தது. கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் டீ கொண்டு வந்தாள். ஜங்ஷனில் வாங்கி வந்த புதுப் பேரிங்கை மாட்டினேன்.

மோட்டாரைத் தரையில் இறுக்கும் போல்ட் நாலில் இரண்டு தொளதொள. முதலில் போட்டவன் பொறுப்பில்லாத ஆள். சுவர் அதிர்ந்தது அதனால்தான். லாரி டயரை வெட்டி அடியில் வைத்து இறுக்கினேன். பெல்ட்டும் நேராக இல்லை, நேராக்கினேன்.

நாலு மணிக்கு ஓட்டம். வீட்டுக்கு வந்து வெறும் காதோடு கட்டிலில் உட்கார்ந்தேன். கேட்கிறது. ஆனால் சுவர் அதிரவில்லை. டம்ளரில் தண்ணீர் வைத்துப் பார்த்தேன். அசையவில்லை.

பாத்திமா: "அப்ப மனு?"

"ஹெட்போன் போட்டா சத்தம் நிக்கணும்னுதான் பேச்சு. மோட்டார ரிப்பேர் பண்ணுனா நிக்கணும்னு பேச்சு இல்ல."

"உங்களத் திருத்த முடியாது." சிரித்துக்கொண்டே போனாள்.

சேக் போன் செய்தான். ஹெட்போன் எப்படி என்றான். எட்டு என்றேன். இரண்டு ஏன் குறைத்தீர்கள் என்கிறான். வேர்வைக்கு ஒன்று, கண்ணாடிக் கம்பிக்கு ஒன்று.

ஜூலை 21, திங்கள்

வெயில். அதிகாரி பதினொன்றரைக்கு வந்தார். சின்ன வயசு. மில் ஓடிக்கொண்டிருந்தது. கையில் சத்தம் அளக்கும் கருவி. அளந்தார், திரும்ப அளந்தார்.

"மனு போட்டது நீங்கதான? இந்தச் சத்தத்துக்கா?"

நான் பேசுவதற்குள் நூர்ஜஹான், "இல்ல சார், முந்தி ரொம்பச் சத்தம்தான். மாமா எழுதுனது பொய் இல்ல. மாமாதான் ரிப்பேர் பாத்தாவ."

அவள் அப்படிச் சொல்வாள் என்று எதிர்பார்க்கவில்லை.

அவர் என்னைப் பார்த்தார். சர்டிபிகேட் கேட்பார் என்று நிமிர்ந்து நின்றேன். பதில் தயார், இருபத்தாறு வருஷமாகத் தயார். கேட்கவில்லை. பேரைக் கேட்டார். பழுது பார்த்தவர் என்று எழுதி, பக்கத்தில் என் பேர். கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

மனுவைத் திரும்ப வாங்கினேன், ஒரு நிபந்தனையோடு. பெல்ட்டுக்குப் பத்து நாளில் கம்பி வலை. இல்லாவிட்டால் நாலாவது மனு. நூர்ஜஹான் தலையாட்டினாள். "உங்களுக்கு மனு எழுதாம இருக்க முடியாதே மாமா."

மூன்று மணி. மில் ஓடுகிறது. புதுப் பேரிங்கை முதல் வாரம் கவனிக்க வேண்டும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு சுவரோரம். கீச் இல்லை. இதுவரை.