சம்பந்திக்குப் புளித்த பியர்

1 ஜூலை 2007, ஞாயிறு
வெக்கை. நகரம் முழுக்க வீடு மாறும் நாள். எங்கள் கோட்-டெ-நெய்ஜ் பகுதி நடைபாதையெங்கும் மெத்தைகள். புது மெட்ரோவில் ஆற்றைத் தாண்டி லவால் போனேன். மனைவியின் தம்பி வீட்டு நிலவறையில் என் பியர், இரண்டு வாளி. நொதித்து முடிந்துவிட்டது. தெளிவு சரி, மணம் சரி. புளிப்பு இல்லை.

சம்பந்தி ஜீல் புளித்த பியர்தான் குடிப்பார். அவருக்குப் பிரெஞ்சு மட்டும். என் பிரெஞ்சு கடைக்குப் போய்வருமளவு. மகளின் கலியாணத்திலிருந்து எங்கள் பேச்சு: வெயில், பனி, வெயில். 'நானே வடித்துத் தருகிறேன்' என்று மகளைக்கொண்டு சொல்லவைத்தது என் வாய்க்கொழுப்பு. மாதக் கடைசியில் சாப்பாட்டுக்கு வருகிறார்.

மச்சான்: "உதுக்கேன் அத்தான் மண்டையை உடைக்கிறியள்? மூடியைக் கழட்டித் துணி கட்டி விடுங்கோ. கள்ளு தானாப் புளிக்கிறேல்லையே?"
"இது கள்ளில்லை."
"எல்லாம் ஒண்டுதான்."

4 ஜூலை, புதன்
மழை. வடிசாமான் கடை. தயிர் விடலாமா என்றேன் (மனைவியின் யோசனை). கடைக்காரர் தலையில் கைவைத்தார். ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ போட்ட பியரில் தயிர்க் கிருமி பிழைக்காதாம். லாக்டிக் அமிலம் வாங்கினேன். முதலில் ஒரு கிளாஸில் சொட்டுச் சொட்டாக. நாக்கு ஒப்பினால் அதே விகிதம் வாளிக்கு. துணி கட்டினால்? காற்றுப் பட்டுக் காடியாகும், வினாகிரிதான்.
மச்சானுக்குப் போனில் சொன்னேன். "ஓம், ஓம்." இரண்டு ஓம் என்றால் கேட்கவில்லை.

8 ஜூலை, ஞாயிறு
லவால். கிளாஸ், சொட்டுக்குழாய். இரண்டு சொட்டு: ஒன்றுமில்லை. ஐந்து: தேசிக்காயைத் தூரத்தில் காட்டியது போல. எட்டு: சரி.
"பியருக்குக் கண்வருத்தமோ அத்தான்?"
ஒரு வாளி முடித்தேன். அமிலம், சீனி, போத்தல். குனிந்து குனிந்து நாரி முறிந்தது. மற்ற வாளி அடுத்த கிழமை.

28 ஜூலை, சனி
அடுத்த கிழமை எங்கே! பத்திரிகை வேலை. இன்றுதான் போனேன், போத்தல்களை எடுக்க. மற்ற வாளிக்கு மூடி இல்லை. வேட்டித் துண்டு, சணல் கயிறு. சுற்றிலும் பழ ஈ. திறந்தால் மூக்கில் அறைந்தது. வினாகிரி.
"உங்கட சொட்டு மருந்து பிழைச்சா இது நிக்கட்டும் எண்டுதான்..."
போத்தல்களைப் பெட்டியில் அடுக்கினேன். வாயைத் திறந்திருந்தால் எழுதக்கூடியதாக இராது.

29 ஜூலை, ஞாயிறு
ஜீல் வந்தார். என் பியரில் ஒரு வாய். கண்ணை மூடினார். இரண்டாவது கிளாஸ் கேட்டார். வென்றேன். பிறகு? வெயில் என்றேன். வெயில் என்றார்.
மச்சான் என் மகளிடம்: "பிள்ளை, நான் துணி கட்டினதையும் சொல்லு." சொன்னாள். பாவி அந்த வினாகிரியில் ஒரு போத்தல் கொண்டும் வந்திருந்தான். ஜீல் ஒரு மிடறு. முகம் கோணியது, பின் வயிறு குலுங்கச் சிரிப்பு. பொரித்த உருளைக்கிழங்கில் ஊற்றித் தின்றார், மச்சானின் தட்டிலும் ஊற்றினார். மச்சான் என் நல்ல துவாயைச் சொம்பில் கட்டிக் காட்டினான். பனைமரம் ஏறியும் காட்டினான், கதிரையில். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல் கிடையாது. ஒரு மணி நேரம் கதைத்தார்கள்.
போகும்போது மகள் மொழிபெயர்த்தாள். அடுத்த மாதம் ஜீல் வீட்டில் சாப்பாடு. மச்சான் துணியோடு வரவேண்டுமாம்.
நானும் வரலாமாம்.