சட்டையின் முதுகுப்பக்கம்

மார்ச் 3

அடுத்த மாதக் கடைசியில் எங்கள் மகள் சுண்டெலிக்கு இரண்டு வயது நிறைகிறது. பெருமூளை வாதம் என்று தெரிந்த நாள் முதல் டாக்டரம்மாவிடம் நாங்கள் கேட்பது ஒரே கேள்விதான்: எங்கள் பெண் நடப்பாளா? இன்றைக்குத்தான் பிடிகொடுத்துப் பேசினார். "ரெண்டு வயசுக்குள்ள கையை ஊன்றாம தானா உட்கார்ந்துட்டா, நடக்க நல்ல வாய்ப்பு இருக்கு. உட்கார்ந்தா வீடியோ எடுத்து அனுப்புங்க. இல்லன்னா முதுகைத் தாங்குற நாற்காலி ஒண்ணு செஞ்சுக்கலாம்."

வீடு வந்ததும் என் மனைவி தலையணைகளை எடுத்துத் தரையில் போட்டாள்.

மார்ச் 11

இந்தப் பக்கம் தலையணை, அந்தப் பக்கம் தலையணை, நடுவில் மகாராணி. சாய்ந்து விழுந்ததும் அவளுக்கு ஒரே சிரிப்பு. மறுபடியும் நிமிர்த்தி உட்கார வைக்கிறேன்.

மார்ச் 24

இன்றும் விழுந்தாள்.

ஏப்ரல் 2

உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையிலும் பொம்மை. மனைவி அவளுக்குப் பின்னால் இருந்தாள், நான் வீடியோ எடுத்தேன்.

கடைக்குப் போய் வீடியோவைத் திரும்பவும் பார்த்தேன். கண்ணாடிக் கடையில் ஊரார் பார்வையைச் சோதிக்கிறவன் நான். சுண்டெலியின் சட்டையின் முதுகுப்பக்கம் விறைப்பாக இழுபட்டிருக்கிறது. ஓரத்தில் இரண்டு விரல் நுனிகள். என் மனைவியுடையவை.

அனுப்பிவிட்டேன். ஏன் அனுப்பினேன்?

ஏப்ரல் 3

டாக்டரம்மாவின் குரல் பதிவு வந்தது. "ரொம்ப சந்தோஷம். நடந்துடுவா. நாற்காலி இப்போதைக்கு வேண்டாம்."

மனைவி அதைப் போட்டுப் போட்டுக் கேட்கிறாள். ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் பார்க்கிறாள். நானும் பல்லைக் காட்டி வைக்கிறேன்.

ஏப்ரல் 19

மனைவி சின்னதாக ஷூ வாங்கி வந்திருக்கிறாள். சிவப்பு.

அந்தக் குரல் வீட்டில் குடியேறிவிட்டது. குழாயைத் திறந்தால் கேட்கிறது, கடையில் லென்ஸைத் துடைத்தால் கேட்கிறது. நடந்துடுவா, நடந்துடுவா. எனக்குத் தெரியும் என்று சொன்னால் அவள் உடைந்துபோவாள். சொல்லலைன்னா புள்ள முதுகு கோணிப்போகும் — என்ன மனுஷன்டா நீ?

மே 6

நேரில் பரிசோதனை. "மேசை மேல உட்கார வைங்க" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா கை கழுவத் திரும்பினார். என் கை தானாகச் சட்டையின் முதுகுப்பக்கம் போயிற்று. அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

மனைவி என்னைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும்."

"ரெண்டு பேரும் கையை எடுங்க" என்றார் திரும்பிப் பார்த்த டாக்டரம்மா.

எடுத்தோம். சுண்டெலி முன்னால் சரிந்து, இரண்டு உள்ளங்கைகளையும் மேசையில் ஊன்றிக்கொண்டாள். மனைவி அழுதுகொண்டே வீடியோ விஷயத்தைச் சொன்னாள். "தெரிஞ்சே அனுப்பினது நான்தான் டாக்டர்" என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"நடப்பாளான்னு இப்போ என்னால சொல்ல முடியாது. முதல்ல நாற்காலிக்கு அளவு எடுப்போம்."

அளவு கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் மனைவி போனை எடுத்து அந்தக் குரலை அழித்தாள். எனக்கு இன்னும் கேட்கிறது. அவளுக்கும் கேட்கும்.